மதில் உடைந்த நாளுக்கு ஒரு விரதம்

எங்கள் வீட்டில் விரதம் என்பது அம்மாவின் இலாகா. வெள்ளிக்கிழமை, கந்தசஷ்டி, கேதார கௌரி, ஆடி அமாவாசை என்று நாட்காட்டியில் அவர் போட்டுவைக்கும் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்துத்தான் நான் சந்தைக்குப் போகிறேன். நீரிழிவு இருக்கிறது, வைத்தியர் வேண்டாம் என்கிறார். அது எதுவும் அவர் காதில் ஏறுவதில்லை. எனக்கோ விரதத்தைவிட விரதம் முடிந்தபின் கிடைக்கும் வடையில்தான் நம்பிக்கை. அப்படிப்பட்ட நான் யூதர்களின் சிறுநோன்புகளைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், இலங்கை மலைநாட்டு அப்புத்தளையில் நாங்கள் வாடகைக்கு விடும் மூன்று அறைகளும், அவற்றில் ஒன்றில் 2024 ஜூலையில் தங்கிய ஒரு விருந்தாளியும்.

நியூயோர்க்கிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை அவர். 23ஆம் திகதி காலை, ரொட்டியும் வேண்டாம், பிளேன் டீயும் வேண்டாம், தண்ணீர்கூட வேண்டாம் என்றார். வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று அம்மா கொத்தமல்லி அவிக்கப் போய்விட்டார். நோன்பு என்று நான் விளக்கியதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. தன் இலாகாவைச் சேர்ந்த ஆள் ஒருவர் வந்துவிட்டார் அல்லவா.

“எந்தச் சாமிக்கு என்று கேள் பிள்ளை.”

கேட்டேன். அந்த அம்மையார் கொஞ்சம் யோசித்தார். “சாமிக்கு என்று சொல்ல முடியாது. எங்கள் நகரத்தின் மதில் உடைந்த நாள் இது” என்றார்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் சரியாக மொழிபெயர்க்கவில்லை என்று நினைத்திருக்கிறார்.

யூதர்களுக்கு ஆண்டில் இரண்டு பெருநோன்புகள். ஒன்று யோம் கிப்பூர் என்ற பாவநிவிர்த்தி நாள். மற்றது எபிரேய நாட்காட்டியில் ஆப் மாதம் 9ஆம் நாள். எருசலேம் ஆலயம் கி.மு. 586இல் பாபிலோனியராலும் கி.பி. 70இல் ரோமராலும் அழிக்கப்பட்டதற்கான துக்க நாள். இரண்டும் மாலையில் சூரியன் மறையும்போது தொடங்கி மறுநாள் இருட்டும்வரை நீள்பவை. அன்று குளிப்பதில்லை, தோல் செருப்பு அணிவதில்லை. சிறுநோன்புகள் அவ்வளவு கடுமையானவை அல்ல. கிழக்கு வெளுக்கும் நேரத்தில் தொடங்கி நட்சத்திரம் தெரியும்போது முடிந்துவிடும். குளிக்கலாம், வேலைக்குப் போகலாம், பயணம் செய்யலாம். எங்கள் விருந்தாளி சப்பாத்தை மாட்டிக்கொண்டு லிப்டன் சீட்டுக்கே நடந்து போனார். வெறும் வயிற்றோடு அவ்வளவு ஏற்றம் ஏறியதற்கு அம்மாவிடம் ஏச்சும் வாங்கினார்; மொழி புரியாததால் சிரித்துக்கொண்டே வாங்கினார்.

உண்ணுவதும் குடிப்பதும் மட்டும் அறவே கிடையாது. “பாலும் பழமும் கூடவா இல்லை?” என்று அம்மா கேட்டார். இல்லை. ஆனால் விடியுமுன் எழுந்து சாப்பிட்டுக்கொள்ள இடமுண்டு. எழுந்து சாப்பிடுவேன் என்று முந்தைய இரவு படுக்குமுன்னே மனதில் தீர்மானித்திருக்க வேண்டும். தீர்மானிக்காமல் உறங்கிவிட்டால் நோன்பு அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அன்று நாலு மணிக்குச் சமையலறையில் கேட்ட சத்தம் பூனை இல்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நோயாளிகளுக்கு இந்த நோன்பு இல்லை. உயிருக்கு ஆபத்தான நோயாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் பெரும்பாலும் விலக்குப் பெறுகிறார்கள். பெண் பிள்ளைகளுக்குப் 12 வயதுவரையும் ஆண் பிள்ளைகளுக்குப் 13 வயதுவரையும் கடமையே இல்லை. அம்மாவின் நீரிழிவைப் பற்றி நான் சொன்னதும், “எங்கள் மதகுருவான ரபியிடம் போனால் உங்கள் அம்மாவைச் சாப்பிடச் சொல்லித்தான் அனுப்புவார்” என்றார் விருந்தாளி. இதை நான் மிகுந்த மகிழ்ச்சியோடு, ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அம்மா காது கேட்காதவர் போல முற்றத்துக்குப் போய்விட்டார்.

மாலையில் வேறொரு சிக்கல். நட்சத்திரம் பார்த்து நோன்பை முடிக்க வேண்டும். அப்புத்தளையில் ஜூலை மாதத்து மாலையில் எதிர்வீட்டுக் கூரை தெரிந்தாலே பெரிய விஷயம். அவர் கைத்தொலைபேசியில் நேரத்தைப் பார்த்துக்கொண்டார். எங்கள் பாத்திரத்தில் சமைத்ததைச் சாப்பிட அவர்களுடைய உணவுச் சட்டம் இடம் தராது என்பதால், தான் கொண்டுவந்த சின்னச் சட்டியில் முட்டை அவித்து, எங்கள் வாழைப்பழத்தோடும் பட்டர்புரூட்டோடும் சாப்பிட்டார். தன் ரொட்டியும் கட்டச் சம்பலும் தொடப்படாமல் போனதை அம்மா இன்னும் மன்னிக்கவில்லை.

அவர் போனபின் நான் பக்கத்து வீட்டு உபதேசியாரிடம் வேதாகமத்தை இரவல் வாங்கினேன். கிடைத்த மற்றவற்றையும் தேடி வாசித்தேன். என்னைப் பிடித்து உட்காரவைத்தது ஒன்றுதான். பெருநோன்பு, ஆலயம் எரிந்த நாளுக்கு. சிறுநோன்புகளோ அதற்கு முன்னும் பின்னும் நடந்த, வரலாற்றில் ஒரு வரியில் கடந்துபோகக்கூடிய நாட்களுக்கு. தேபேத் மாதம் 10ஆம் நாள், பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமைச் சுற்றி வளைத்தது. அன்று எதுவும் எரியவில்லை. ஆலயத்தில் வழக்கம்போலப் பலி நடந்திருக்கும், சந்தையில் மாவு விற்றிருக்கும். முற்றுகை தொடங்கியது, அவ்வளவுதான். அதற்கு ஒரு நோன்பு. தம்மூஸ் 17இல் மதில் உடைந்தது, அதற்கு ஒன்று. எல்லாம் எரிந்து முடிந்தபின் ஒரு மனிதன் கொல்லப்பட்டான். திஷ்ரி 3இல், புத்தாண்டு கழிந்த கையோடு, அதற்கும் ஒன்று.

தம்மூஸ் 17இல் ஐந்து துயரங்கள் நடந்ததாக மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத்தொகுப்பு பட்டியல் போடுகிறது: மோசே கற்பலகைகளை உடைத்தது, ஆலயத்தின் அன்றாடப் பலி நின்றுபோனது, நகர மதில் பிளந்தது, அப்பொஸ்தமோஸ் என்பவன் தோரா என்ற வேதச் சுருளை எரித்தது, ஆலயத்துக்குள் சிலை வைக்கப்பட்டது. இதில் ஒரு முரண் இருக்கிறது. முதல் ஆலயக் காலத்தில் மதில் உடைந்தது நாலாம் மாதம் 9ஆம் நாள் என்று எரேமியா தெளிவாகவே எழுதியிருக்கிறார். மிஷ்னாவுக்கு ரபிமாரின் விரிவுரை தல்மூத்; அது இரண்டு உண்டு. 17 என்பது ரோமர் காலத்து நாள் என்று பாபிலோனியத் தல்மூத் சமாதானம் சொல்கிறது. எருசலேம் தல்மூத் வேறு பதில் தருகிறது: துயரத்தில் இருந்தவர்களுக்கு நாள் கணக்குத் தவறிவிட்டது.

இதை வாசித்தபோது அம்மாவின் நினைவு வந்தது. 1983இல் தமிழருக்கு எதிரான கலவரத்தில் பதுளை எரிந்தது செவ்வாய்க்கிழமை என்று அவர் அடித்துச் சொல்வார். அது ஜூலை 27, புதன்கிழமை. நான் திருத்தப்போனால், “நீயா அங்கே இருந்தாய்?” என்பார். சின்னத் தாத்தாவின் கடையிலிருந்து அவர்கள் பின்வாசலால் ஓடிய நாளுக்கு அவர் வைத்த கிழமை அது. இப்போது நான் திருத்துவதில்லை.

விருந்தாளி நோன்பிருந்த அந்த நாளும் ஜூலை 23. எபிரேய மாதங்கள் சந்திரனைப் பார்த்து நடப்பதால் அந்த ஆண்டு அப்படி விழுந்தது. மறு ஆண்டு ஜூலை 13க்குப் போய்விட்டது. வெறும் தற்செயல்தான். ஆனாலும் 1983 ஜூலை 23 இரவில்தான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டார்கள். அடுத்தடுத்த நாட்களில் கொழும்பு, பிறகு எங்கள் மலைகள். தம்மூஸ் 17க்கும் ஆப் 9க்கும் இடையிலுள்ள மூன்று வாரங்களில் பக்தியுள்ள யூதர்கள் கலியாணம் வைப்பதில்லை, பலர் முடி வெட்டுவதில்லை, பாட்டுக் கேட்பதில்லை. எல்லவுக்குப் போகும்போது முச்சக்கர வண்டிக்காரத் தம்பியிடம் பாட்டை நிறுத்தச் சொல்லும்படி விருந்தாளி என்னைக் கேட்டார். ஏனென்று தம்பி கேட்டான். சுருக்கமாகச் சொன்னேன். “மதில் உடைந்ததற்கும் ஊர் எரிந்ததற்கும் நடுவில் இருக்கிற நாளா?” என்று கேட்டுவிட்டு எல்ல வரையில் பேசாமல் ஓட்டினான். அவனுக்கு 1983இல் வயது கிடையாது, பிறக்கவே இல்லை.

திஷ்ரி 3க்கு வருகிறேன், எனக்கு மிகவும் நெருக்கமாகிப்போனது அதுதான். நகரம் அழிந்தபின் பாபிலோனியர் மேட்டுக்குடியினரைச் சிறைகொண்டு போனார்கள். தேசத்து ஏழைகளை மட்டும் திராட்சைத் தோட்டம் பார்க்கவும் உழவும் விட்டுவைத்தார்கள். அப்படி மிஞ்சியவர்களுக்குக் கெதலியா என்பவரை அதிகாரியாக நியமித்தார்கள். பயப்படாதீர்கள், இங்கேயே இருங்கள், பழங்களைச் சேர்த்து வையுங்கள் என்று அவர் மிஸ்பாவிலிருந்து சொன்னார். சுற்று வட்டாரத்துக்குச் சிதறி ஓடியவர்கள் நம்பித் திரும்பினார்கள். அறுவடையும் நன்றாக இருந்ததாம். அரச குலத்தவனான இஸ்மவேல் உங்களைக் கொல்ல வருகிறான் என்று யோகனான் எச்சரித்தபோது, நீ பொய் சொல்கிறாய் என்று கெதலியா ஒதுக்கிவிட்டார். இஸ்மவேல் வந்தான், ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டான், கொன்றான். பாபிலோனியர் பழிதீர்ப்பார்கள் என்ற பயத்தில் மிஞ்சியிருந்தவர்களும் எகிப்துக்குப் புறப்பட்டுவிட்டார்கள். எரேமியா தடுத்தும் கேட்கவில்லை. அவரையும் இழுத்துக்கொண்டே போனார்கள்.

நீதிமான்களின் மரணம் ஆலயம் எரிந்ததற்குச் சமம், அதனால்தான் இந்த நோன்பு என்கிறது தல்மூத். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. அன்றோடு அந்த மலைகளில் மிஞ்சிய ஏழைகளின் கதை முடிந்தது என்பதுதான் எனக்குப் படுகிறது. தோட்டம் பார்க்க விடப்பட்டவர்கள், ஊன்றிக்கொள்ளப் பார்த்தவர்கள், பயந்து கப்பலேறியவர்கள் என்று எங்களுக்கும் ஒரு வரிசை உண்டு. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர்களாக இருந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அம்மாவின் பெரியண்ணன் கோத்தகிரிக்குப் போனார். அங்கேயும் தேயிலைதான்.

ஆனால் ஒக்டோபர் 30ஐ எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? அதற்கும் முன், எங்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1948 நவம்பர் 15ஐ? அன்று எங்கள் தோட்டத்து லயன் வீடுகளில் யாரும் அழுதிருக்க மாட்டார்கள். காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போயிருப்பார்கள், கொழுந்து நிறுத்திருப்பார்கள். அதுதான் எங்கள் தேபேத் 10. முல்லோயாத் தோட்டத் தொழிலாளி கோவிந்தன் சுடப்பட்ட 1940 ஜனவரி 10ஐ மட்டும் தொழிலாளர் இயக்கத்தினர் நினைவில் வைத்திருக்கிறார்கள். கூட்டம் போடுகிறார்கள், பேசுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் கூட்டத்துக்கு மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டும். பசியோடு இருக்க எதுவும் வேண்டாம்; நியூயோர்க்கில் தனியாக வாழும் ஒரு பெண் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தபடி அதைச் செய்ய முடிகிறது.

ஓரிடத்தில் எனக்கு அவர்களோடு உடன்பாடு இல்லை. இந்த நோன்புகளின் நோக்கம் மனதை உலுக்கி மனந்திரும்ப வைப்பது, நம் முன்னோரின் தீய செயல்களையும் அவற்றைப் போன்ற நம் செயல்களையும் நினைவூட்டுவது என்று 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் எழுதினார். பாபிலோனை ஏசுவதற்கான நாள் இல்லையாம். பகையை வளர்க்காத சிந்தனைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குடியுரிமை பறிக்கப்பட்டதற்கு லயத்து மனிதர்கள் எந்தத் தீய செயலை நினைத்து மனந்திரும்ப வேண்டும்? எட்டடிக் காம்பராவில் பாவம் செய்யக்கூட இடம் இருக்கவில்லை.

அம்மா கேட்ட “எந்தச் சாமிக்கு” என்ற கேள்வியும் லேசானது இல்லை. பாபிலோனிலிருந்து திரும்பி ஆலயத்தை மறுபடி கட்டிக்கொண்டிருந்த காலத்தில், இத்தனை வருடமாக ஐந்தாம் மாதத்தில் அழுது வருகிறோமே, இன்னும் அழ வேண்டுமா என்று சிலர் கேட்டு அனுப்பினார்கள். சகரியா தீர்க்கதரிசி வழியாக வந்த பதில், ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. நீங்கள் நோன்பிருந்தது எனக்காகத்தானா என்று கடவுளே திருப்பிக் கேட்கிறார். விதவையையும் திக்கற்றவனையும் பரதேசியையும் ஒடுக்காதே என்கிறார். பிறகு, நாலாம், ஐந்தாம், ஏழாம், பத்தாம் மாத நோன்புகள் ஒருநாள் மகிழ்ச்சியான பண்டிகைகளாக மாறும் என்கிறார். இதை வைத்துத் தல்மூத்தில் ரவ் பாப்பா என்ற ரபி ஒரு விதி சொன்னார்: சமாதானக் காலத்தில் இவை பண்டிகை, துன்புறுத்தல் நடக்கும் காலத்தில் நோன்பு, இரண்டும் இல்லாத காலத்தில் விரும்பினால் நோன்பிருக்கலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம். காலப்போக்கில் சமூகம் முழுவதும் விரும்பி ஏற்றுக்கொண்டதால் அது கடமையானது. சீர்திருத்தப் பிரிவினர் பலர் இவற்றைக் கைக்கொள்வதில்லை. தன் சொந்தத் தங்கைக்கே இந்த நாள் தெரியாது என்றார் விருந்தாளி. தேபேத் 10க்கு இஸ்ரவேலின் தலைமை ரபிமார் புதிதாக ஒரு பொருளும் சேர்த்தார்கள்: நாசிகளால் கொல்லப்பட்டு, இறந்த நாள் தெரியாமல் போனவர்கள் எல்லோருக்குமாக அன்று இறந்தோருக்கான காதிஷ் வேண்டுதல் சொல்லப்படுகிறது. இதைக் கேட்டபோதுதான் அம்மா, “அப்படியென்றால் ஆடி அமாவாசை மாதிரி” என்று முடிவு கட்டினார்.

இவையெல்லாம் நடந்து முடிந்ததற்கான நோன்புகள். வரப்போவதைத் தடுக்கும் நோன்புகளும் பழங்காலத்தில் இருந்தன. மழை பிந்தினால் திங்கள், வியாழன், திங்கள் என்று நோன்பிருப்பார்கள். அப்படியும் பெய்யாவிட்டால் தோராப் பெட்டியை நகரச் சதுக்கத்துக்குத் தூக்கிவந்து அதன்மேல் சாம்பல் போடுவார்கள். ஒரு முதியவர் எழுந்து, கடவுள் நினிவே மக்களின் கோணியையும் நோன்பையும் பார்த்தார் என்று எழுதியிருக்கவில்லை, அவர்களுடைய செயலைப் பார்த்தார் என்றுதான் எழுதியிருக்கிறது என்று நினைவூட்டுவார். ஊருக்கு வரும் எந்தத் துன்பத்துக்கும் இப்படி மன்றாடலாம், ஒன்றைத் தவிர: மழை அதிகம் என்று மன்றாடக் கூடாது. வறண்ட நாட்டுக்காரர்களின் சட்டம்! இதை மலைநாட்டில் உட்கார்ந்து வாசிக்கும்போது ஒரு பெருமூச்சு வருகிறது. ஆனால் தல்மூத் அங்கேயே நிறுத்தவில்லை. பாபிலோன் தாழ்ந்த பூமி; அங்கே மழை மிகுந்தால் வீடு இடியும். ஆகவே அங்கே மன்றாடலாம். மழை மிகுந்த ஆண்டில் எருசலேமின் ஆசாரியர்கள், அந்நிய தேசத்திலுள்ள நம் சகோதரர்களை நினையுங்கள், அவர்களுடைய வீடுகளே அவர்களுக்குக் கல்லறைகளாகிவிடக் கூடாது என்று சொல்லி அனுப்புவார்களாம்.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தவில் லயன்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்த யாருக்கும் இந்த வரிக்கு விளக்கம் தேவையில்லை. அந்தத் திகதி எங்களுக்கு நினைவிருக்கிறது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்ததும் செய்தியாக வந்தது. எச்சரித்த நாள் எது? பதுளை மாவட்டத்தில் யாரையாவது நிறுத்திக் கேட்டுப் பாருங்கள்.

சொல்லாமல் விட்ட நோன்புகள் இன்னும் இரண்டு. பூரிம் பண்டிகைக்கு முந்தைய நாளான ஆதார் 13, எஸ்தர் நோன்பு. அது சனிக்கிழமை ஓய்வுநாளில் விழுந்தால் முந்தைய வியாழனுக்கு இழுத்துக்கொள்வார்கள். மற்ற துக்க நோன்புகளை ஞாயிற்றுக்குத் தள்ளிப்போடுவார்கள். துக்கத்தை முற்படுத்தக் கூடாது என்ற கணக்கு. மற்றது பஸ்காவுக்கு முந்தைய நாள், தலைச்சன் ஆண்பிள்ளைகள் மட்டும் இருக்கும் நோன்பு. எகிப்தில் தலைச்சன்கள் மாண்ட இரவில் தாங்கள் தப்பியதற்காக. இதில் ஒரு நல்ல ஓட்டை வைத்திருக்கிறார்கள். தல்மூத்தின் ஒரு நூலை அன்று காலை படித்து முடித்தால் விருந்து வைக்க வேண்டும். அந்த விருந்தில் கலந்துகொண்டவன் நோன்பிருக்க வேண்டியதில்லை. ஆகவே ஜெப ஆலயங்களில் யாராவது ஒருவர் கடைசிப் பக்கத்தைச் சரியாக அன்றைக்கென்று மிச்சம் வைத்திருப்பார். தலைச்சன்கள் எல்லோரும் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் அண்ணனுக்கு இது மிகவும் பிடித்துப்போய்விட்டது. கந்தசஷ்டிக்கும் இப்படி ஏதாவது புத்தகம் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டு, அகப்பையால் ஒன்று வாங்கினான்.